இரும்புக் காதில் வெட்டிய குறி

அன்று கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர். மாஹ்தேயின் மூத்த மகன் யொவ்னா. அவருடைய தம்பி ஆஸ்லத். யொவ்னாவின் மகள் ரவ்னா. யொவ்னாவின் தங்கை ரிஸ்தெனை மணந்த ஹெந்தோ. இவர்களோடு சாப்பே என்ற கறுப்பு நாய். வேறு யாரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாகப் பின்னாளில் சொல்லித் திரிந்தவர்கள் எவரும் அன்று அந்தப் பக்கமே வரவில்லை.

ஏப்ரல் மாதம். பனிமான் மந்தையைப் பீடபூமியிலிருந்து கடற்கரைக்கு ஓட்டிப்போகும் காலம் நெருங்கிவிட்டது. சினைப் பெண்மான்கள் வடக்கே மூக்கைத் திருப்பிவிட்டால் பிறகு யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. நாள் குறிப்பவை மான்கள்; மூட்டை கட்டுவது மட்டும்தான் மனிதர் வேலை. அதற்கு முன் பனிவண்டிகளின் எஞ்சின்களைத் திறந்து கரி எடுத்துவிட வேண்டும் என்பது யொவ்னா வீட்டு வழக்கம். ஒரு குளிர்காலம் முழுக்க ஓடிய வண்டியை அப்படியே பயணத்துக்கு எடுப்பவனை யொவ்னா மனிதனாகவே மதிக்கமாட்டார்.

யொவ்னாவின் வண்டியும் ஹெந்தோவின் வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே ரகம், ஒரே வருடத்தில் வாங்கியவை. இரண்டும் மூடி திறந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எஞ்சினுக்கு இரண்டு பவர் வால்வுகள். வால்வு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை; உள்ளங்கையில் அடங்குகிற ஒரு தகடு. சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் வாசலுக்கு மேலே தொங்கும் கதவு. மெல்லப் போகும்போது இறங்கி வாசலைப் பாதி மறைக்கும். முழு வேகத்தில் ஏறி வழிவிடும். எண்ணெய் கலந்த பெட்ரோலின் கரி அதில் தார்போலப் படிந்தால் கதவு சிக்கிக்கொள்ளும். கதவு சிக்கினால் வண்டிக்கு மூச்சு முட்டும்.

ரவ்னா திருகுகளைக் கழற்றினாள். மூடியின் உள்ளே அழுந்தியிருந்த ஸ்பிரிங் துள்ளி வெளியே வராமல் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்து எடுத்தாள். ரப்பர் உறையை வெளிச்சத்தில் நீட்டி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். தகடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, கரியும் பிசினுமாக. ஆஸ்லத் அவற்றை வாங்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டான். நான்கையும் ஒரே டப்பாவில் போட்டான்.

"டேய், என்னடா பண்ற?" என்றார் யொவ்னா. "அவரோடதையும் நம்மளோடதையும் ஒண்ணா போட்டுட்டியே."

"குளிக்கட்டும் அண்ணே. சம்பந்தி வீடுதானே, ஒரே குளத்துல குளிச்சா தப்பா?"

ஹெந்தோ சிரித்தார். "பயப்படாதீங்க மச்சான். உங்களுது பளபளன்னு இருக்கும். என்னுது என் மூஞ்சி மாதிரி இருக்கும். கண்ணை மூடிட்டே பிரிச்சிடலாம்."

அது உண்மைதான். ஹெந்தோவின் தகடுகளை முன்பு யாரோ ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியிருந்தார்கள். கீறலும் தேய்மானமுமாக இருந்தன. யொவ்னா தன்னுடையவற்றில் இரும்பு படவிட்டதே இல்லை. மான்கொம்பில் சீவிய ஒரு சில்லால்தான் கரியைச் சுரண்டுவார். கொம்பு உரசும், கீறாது. அவருடைய தகப்பனார் மாஹ்தே கற்றுக்கொடுத்தது கொம்பு சீவும் கை. அந்தக் கையை எஞ்சினுக்குப் பழக்கியவர் யொவ்னா.

ஊறிய தகடுகளை எடுத்து நால்வரும் துடைக்கத் தொடங்கினார்கள். கெட்டிலில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. ஹெந்தோ தன் குவளையில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு, அவை மெத்தென்று ஆகும்வரை காத்திருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். அதனால்தான் அந்த வார்த்தை வந்தது.

"பாத்து எடுங்க மச்சான். நல்ல தகடு என் பக்கம் வந்துட்டா பரவாயில்ல. என் தகடு உங்க பக்கம் போச்சுன்னு வைங்க, எங்கப்பன் கல்லறையிலேருந்து எந்திரிச்சு வந்துடுவான்."

ஆஸ்லத் சிரிக்கப் போனவன் அண்ணனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மான் யாருடையது என்று சொல்வது அதன் காதில் வெட்டிய குறிதான். ஹெந்தோவின் தகப்பனார் நீலாஸ் ஒரு காலத்தில் பட்டியில் எல்லார் முன்னிலையிலும் மாஹ்தேயைப் பார்த்து, என் கன்றின் காதைத் திருத்தி உன் குறியை வெட்டிவிட்டாய் என்று சொன்னார். காதுத் திருடன் என்றார். அது ஒருபோதும் நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்கப்படாததனால் அழியவும் இல்லை. மாஹ்தே அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டே செத்தார். பகை தீரட்டும் என்றுதான் ரிஸ்தெனை ஹெந்தோவுக்குக் கொடுத்தார்கள். பகை தீர்ந்தது, சொல் தீரவில்லை.

யொவ்னா எழுந்து சுவரில் தொங்கிய அரத்தை எடுத்தார். தன்னுடைய இரண்டு தகடுகளையும் துணியில் துடைத்து, ஒன்றைப் பட்டறைப் பிடியில் இறுக்கினார்.

"என்ன அண்ணே?" என்றான் ஆஸ்லத்.

"குறி போடப் போறேன். எது யாருதுன்னு இனிமே எவனும் பேச வேண்டியதில்ல."

"மச்சான், நான் சும்மா விளையாட்டுக்கு..." என்றார் ஹெந்தோ.

"எனக்கும் விளையாட்டுதான்."

ரவ்னா கிட்டே வந்தாள். "அப்பா, விளிம்புல வெட்டாதீங்க. அந்த விளிம்பு பிஸ்டனை ஒட்டி நிக்கிறது. போட்டுத்தான் ஆகணும்னா பின்பக்கம் ஒரு கோடு போடுங்க, போதும்."

"பின்பக்கமா?" யொவ்னா திரும்பவில்லை. "குறியைக் காதுல வெட்டுவாங்க. வாலுல வெட்டி எங்க பார்த்த நீ?"

ஆஸ்லத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஹெந்தோவும் சிரித்தார், கொஞ்சம் நிம்மதியோடு. ரவ்னா சிரிக்கவில்லை. "இது மான் இல்லப்பா" என்றாள்.

"நம்ம வீட்டுல இருக்கிற எல்லாம் மான்தான். கரண்டி மான், கயிறு மான், கத்தி மான். எல்லாத்துலயும் குறி இருக்கு. இதுக்கு இந்த விளிம்புதான் காது."

வெட்டினார். மாஹ்தே வீட்டுக் குறி: நுனியில் கூராக ஒரு வெட்டு, அதன் கீழ் ஓரத்தில் படிபோல ஒரு வெட்டு, இரண்டுக்கும் நடுவில் வெட்டாமல் விட்ட ஒரு சின்னப் பல். அரம் இரும்பில் கிறீச்சிட்டது. கொம்பைத் தவிர வேறெதுவும் படாதிருந்த தகடு அது. வேலை சுத்தமாக இருந்தது. அவர் கை வெட்டினால் சுத்தமாகத்தான் இருக்கும். இரண்டாவது தகட்டையும் வெட்டினார். பிசிறுகளை விரலால் தடவிப் பார்த்து, மறுபடி அரம் போட்டு வழவழப்பாக்கினார்.

ஆஸ்லத் அவற்றைக் கையில் வாங்கி அழகு பார்த்தான். "நம்ம மந்தையில இந்த வருசம் முதல் ரெண்டு கன்னு" என்றான். "தாய் யாருன்னுதான் தெரியல."

தகடுகளின் சாய்வான முகம் சரியான பக்கம் பார்க்கும்படி யொவ்னாவே அவற்றைப் பொருத்தினார். ரப்பர் உறை, ஸ்பிரிங், மூடி, திருகு. ஹெந்தோவுக்கும் பொருத்திக் கொடுத்தார். அவருடைய தேய்ந்த தகடுகள் அவருடைய வண்டிக்கே போயின. எஞ்சின்களை முடுக்கினார்கள். இரண்டும் தொண்டை கட்டாமல் உறுமின. கொட்டகை முழுக்க நீலப் புகை. சாப்பே வெளியே ஓடியது.

"இனி எவனும் வாயைத் திறக்க முடியாது" என்றார் யொவ்னா.

*

கூக்கிஸ் ஏரி முடிந்து ஆறு தொடங்கும் வாய்ப்பகுதியில் பனி எப்போதும் நம்பத்தகாதது. அடியில் நீரோட்டம் அதை அரித்துக்கொண்டே இருக்கும். போகிறவனைத் தாங்கும், நிற்கிறவனைத் தாங்காது என்பது அங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த வருடம் வெயில் முந்திக்கொண்டது. அவர்கள் மந்தையோடு ஏரிக்கரைக்கு வந்த காலையில் வாய்ப்பகுதி சாம்பல் நிறமாகக் கிடந்தது. சுற்றிப் போகலாம். சுற்றினால் பாறைமேட்டில் பனி இல்லை, வண்டி ஓடாது, நாள் ஆகும். சினை மான்கள் வழியிலேயே கன்று ஈன்றுவிடும், கழுகுக்கும் நரிக்கும் விருந்து. ஏரியின் நடுவழியாகக் குறுக்கே போவது என்றால், யாராவது ஒருவர் முதலில் வாய்ப்பக்கத்தைக் கடந்து அக்கரையில் நின்று மந்தை வாய்ப்பக்கத்து மெல்லிய பனியில் இறங்கிவிடாமல் தடுக்க வேண்டும்.

அது ஆஸ்லத்தின் வேலை. கழுத்தில் மணி கட்டிய முன்னோடி மான் அவன் குரலுக்குத்தான் நடக்கும். அவன் அக்கரையிலிருந்து கூப்பிட்டால் அது வரும். அது வந்தால் மற்றவை வரும்.

அவனுடைய வண்டி பழையது. ஏற்றத்தில் இருமும்.

"என் வண்டியை எடுத்துக்கோ" என்றார் யொவ்னா.

"உங்களுதா? வேணாம் அண்ணே. கீறல் விழுந்தா என் காதை வெட்டிடுவீங்க."

"எடுத்துக்கோடா. உன்னுது நடுவுல நின்னுடும். என்னுது நிக்காது."

ஆஸ்லத் இறங்கி, அண்ணனின் வண்டியில் ஏறினான். சட்டைக்குள்ளிருந்து ஒரு உலர்ந்த இறைச்சித் துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டு, மீதியைச் சாப்பேயிடம் எறிந்தான். "மாமா, அந்தப் பக்கம் போய்க் காப்பி போட்டு வைக்கிறேன்" என்று ஹெந்தோவைப் பார்த்துக் கத்தினான். ஹெந்தோ அவனுக்கு மாமா இல்லை, அத்தான். ரவ்னா அவரை மாமா என்பதைக் கேலி செய்ய அவனும் அப்படித்தான் கூப்பிடுவான்.

வண்டி புறப்பட்டது. ஏரியின் மேல் அது போன வேகத்தைப் பார்த்து யொவ்னாவுக்கு மனம் நிறைந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கதவுகள் இரண்டும் முழுக்கத் திறந்துகொண்ட எஞ்சினின் சத்தம் அது. கேட்டுப் பழகிய காதுக்குத் தெரியும். சாம்பல் நிறப் பனியின் விளிம்பைத் தொட்டது, தாண்டியது. பின்னால் நீர் கலந்த பனிச்சேறு சிறகுபோல எழுந்தது.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. வெடிச்சத்தம் அல்ல. அலுமினியப் பாத்திரத்தில் கல் விழுந்தது போன்ற ஒரு சத்தம். எஞ்சின் நின்றது. வண்டி அதன் வேகத்திலேயே கொஞ்சதூரம் வழுக்கிப் போய், பாதிவழியில் நின்றது.

ஆஸ்லத் எழுந்து நின்றான். எஞ்சினை முடுக்கும் கயிற்றை இழுத்தான். மறுபடி இழுத்தான். கயிறு வரவில்லை, உள்ளே இறுகிவிட்டிருந்தது. அவன் திரும்பிக் கரையைப் பார்த்தான். அந்தத் தொலைவில் முகம் தெரியாது. தெரிந்ததாக யொவ்னா ஒருபோதும் சொன்னதில்லை.

பனி உடைந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. அதற்குப் பிறகு அங்கே ஒன்றும் இல்லை, கறுப்பான தண்ணீரைத் தவிர.

ஹெந்தோதான் முதலில் ஓடினார். இடுப்பில் சுருக்குக்கயிற்றைக் கட்டி மறுமுனையை ரவ்னாவிடம் கொடுத்துவிட்டு, வயிற்றால் ஊர்ந்து போனார். யொவ்னா அவருக்குப் பின்னால் ஊர்ந்தார். பனி இருவருக்கும் அடியில் முனகியது. "மச்சான், நீங்க வராதீங்க, கனம் தாங்காது" என்று ஹெந்தோ திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கொக்கியால் தேடி, ஆஸ்லத்தின் அங்கியைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தபோது சூரியன் நன்றாக ஏறியிருந்தது. ரவ்னா சித்தப்பாவின் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தாள். போதும் என்று அவளிடம் சொல்ல இரண்டு ஆண்களுக்கும் வாய் வரவில்லை.

யாரும் கூப்பிடாமலே முன்னோடி மான் ஏரியின் மேற்பக்கமாகத் திரும்பி, உறுதியான பனியில் நடந்து அக்கரை போய்ச் சேர்ந்தது. மந்தை அதன் பின்னால் போயிற்று. ஒன்றுகூட இறங்கவில்லை.

*

பனி கரைவதற்குள் வண்டியை மேலே எடுத்தவர் ஹெந்தோ. சங்கிலியும் கப்பியும் வைத்து, அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டு இழுத்துத் தன் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார். அடக்கம் முடிந்த பிறகு யொவ்னாவுக்குச் சொல்லியனுப்பினார். எஞ்சினைத் திறந்தபோது இருந்தவர்கள் இருவர்தான்.

ஹெந்தோ வால்வுகளை வெளியே எடுத்தார். ஒன்று முழுதாக இருந்தது. மற்றதில் பல் இல்லை. நுனி வெட்டுக்கும் படி வெட்டுக்கும் நடுவே நின்ற அந்தச் சின்னப் பல் அடியோடு போயிருந்தது. சிலிண்டர் தலையைக் கழற்றினார். பல் அங்கே இருந்தது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் ஆப்புப்போல இறங்கியிருந்தது. குறட்டால் பிடித்து இழுக்கக் கொஞ்சநேரம் ஆயிற்று.

துணியில் துடைத்துத் தன் உள்ளங்கையில் வைத்தார். நீட்டவில்லை, யொவ்னா பார்க்கும்படி வைத்துக்கொண்டார்.

"சூட்டுல விரிசல் விட்டிருக்கும்" என்றார் மெதுவாக. "இரும்புக்கு ஓரத்துல வெட்டு விழுந்தா அப்படித்தான்..." அதோடு நிறுத்தினார். பிறகு, "மச்சான், இது சின்னத் துண்டு. ஏரி பெருசு. போட்டுட்டா யாருக்கும் தெரியாது. நான் எதையும் பாக்கல."

யொவ்னா அதை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து உள்சட்டைப் பையில் வைத்தார். ரிஸ்தென் காப்பிக் குவளைகளோடு வாசலில் நின்றாள். அவர் அவளைக் கடந்து வெளியே போனார். அந்த ஊரில் ஊற்றிய காப்பியைக் குடிக்காமல் போவது சின்ன விஷயம் இல்லை. ரிஸ்தென் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் ரவ்னா கேட்டாள். "என்ன இருந்துச்சுப்பா?"

"பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு."

"எதனால?"

"தெரியல."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

*

வதந்தியை யொவ்னாவின் வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவன் பியேரா, அவருடைய ஒன்றுவிட்ட தம்பி. பிரார்த்தனை வீட்டிலிருந்து நேரே வந்தான். இன்னும் இரண்டு உறவினர்கள் கூட இருந்தார்கள். எலும்பு வேகவைத்த சூப்பைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"அண்ணே, ஊரே பேசுது. ரெண்டு வண்டி வால்வும் ஒரே டப்பாவுல கிடந்துச்சாமே?"

"கிடந்துச்சு."

"அவருது தேஞ்சது. உங்களுது புதுசு மாதிரி. இப்போ அவர் வண்டி நல்லா ஓடுது, உங்க வண்டி..." பியேரா கைகளை விரித்தான். "அப்பன் புத்தி எங்க போகும்? அன்னிக்கு நம்ம பெரியப்பாவைத் திருடன்னான் நீலாஸ். யாரு திருடன்னு இப்போ தெரியுதா இல்லையா? மாத்திப் போட்டுட்டான்யா. சொந்த மச்சானுக்கே!"

மற்ற இருவரும் யொவ்னாவின் வாயையே பார்த்தார்கள். கைக்குட்டை முடிச்சு அவருடைய உள்சட்டைப் பையில், விலா எலும்புக்கு எதிரே இருந்தது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்படியானால் எதனால்? அதற்குப் பதில் மாஹ்தே வீட்டுக் குறி. தலைமுறை தலைமுறையாகக் காதுகளில் வெட்டி வந்த குறி, அந்த வீட்டுப் பிள்ளையையே ஏரியில் தள்ளியது என்று சொல்ல வேண்டும். ஊர் அதைப் பாட்டாகக் கட்டும். இங்கே மனிதர்கள் செத்தாலும் அவர்கள்மேல் கட்டிய பாட்டு சாகாது.

யொவ்னா குவளையில் கிடந்த பாலாடைக்கட்டியைக் கரண்டியால் புரட்டினார்.

பியேரா அந்த மௌனத்தை எடுத்துக்கொண்டு போய் ஊர் முழுக்கப் பங்கு வைத்தான்.

அதற்குப் பின் ஹெந்தோ கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. கூட்டு மந்தையில் அவருடைய மான்கள் இனி சேர்ந்து மேயக்கூடாது, கன்றுக்குக் குறி வெட்டும் நாளில் அவற்றைப் பிரித்து அனுப்பிவிட வேண்டும் என்று பியேரா ஆள் சேர்த்தான். தனியாக ஒரு குடும்பம் அந்தப் பீடபூமியில் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. எல்லாருக்கும் தெரியும்.

ரிஸ்தென் வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணே, அவர் வாயே திறக்க மாட்டேங்கிறார். கொட்டகையில என்ன பாத்தீங்கன்னு கேட்டா, உங்கண்ணனைக் கேளுங்கிறார். கேக்குறேன். மாத்தினாரா?"

"நீ அவர் பொண்டாட்டி. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஊருக்கு உங்க வாயிலேருந்துதான் தெரியணும்." அவள் தலைத்துணியின் முடிச்சை இறுக்கினாள். "அவர் வயித்தால ஊர்ந்து போனாரு அண்ணே. நீங்க பின்னாலதானே போனீங்க? பாத்தீங்கல்ல?"

யொவ்னா பதில் சொல்வதற்கு நிமிர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது.

சில நாட்களில் ரவ்னாவும் புறப்பட்டாள். தெற்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. ஆஸ்லத்துக்குப் பிள்ளை இல்லை. வீட்டுக் குறியிலிருந்து சற்றே மாறிய அவனுடைய காதுக்குறி ரவ்னாவுக்கு என்று எப்போதோ பேசி முடித்தது. அவள் போனால் அந்தக் குறியை வெட்ட ஆள் இல்லை.

"சித்தப்பா குறியை என்ன பண்றது?" என்று கேட்டார் யொவ்னா. போகாதே என்பதை அவருக்கு அப்படித்தான் கேட்கத் தெரியும்.

"எனக்குக் குறியே வேண்டாம்ப்பா." பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்றாள். "பின்பக்கம்னு சொன்னேன்."

"ஆமா" என்றார் அவர்.

அவ்வளவுதான். அவர்களுக்குள் அதற்குமேல் பேச்சு நடக்கவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

*

ஜூலையில் கடலோரத் தீவில் பட்டி கட்டினார்கள். சூரியன் இறங்காத நாட்கள். கொசு, தூசி, தாயைத் தேடும் கன்றுகளின் உறுமல். எல்லாக் குடும்பங்களும் வந்திருந்தன. ஹெந்தோவும் வந்திருந்தார், ரிஸ்தென் வேலியோரம் தனியாக நின்றாள்.

யொவ்னா முழங்காலில் ஒரு கன்றை அமுக்கி வைத்திருந்தார். அவருடைய சொந்தக் கன்று. இடக்காதைப் பிடித்து நுனியில் கூராக வெட்டினார், கீழ் ஓரத்தில் படி வெட்டினார். நடுவில் பல் நின்றது. வெட்டிய துண்டுகளைக் கன்றுக் கணக்குக்காகப் பையில் போட்டார்.

சற்றுத் தள்ளி ஹெந்தோ சுருக்குக்கயிற்றை வீசினார். கயிறு தவறி வேறொரு கன்றின் மேல் விழுந்தது. யாருக்கும் நேர்வதுதான்.

"அந்தக் கயிறு எப்பவும் அடுத்தவன் கன்னு மேலதான் விழும்!" பியேராவின் குரல் பட்டி முழுக்கக் கேட்டது. சிரித்தார்கள். சிரிப்பு ஊக்கம் கொடுத்தது. "பாத்துக்கோங்கய்யா, கைக்கு எட்டினதை மாத்திப் போடுற வம்சம். காதுத் திருடன்!"

ஹெந்தோ கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு சுற்றாக, மெதுவாக. யொவ்னாவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் ஒருவேளை யொவ்னா தாங்கியிருப்பார்.

இதே சொல்லைக் கேட்டு மாஹ்தேயும் இப்படித்தான் கயிறு சுற்றினார். செய்யாத ஒன்றுக்காக. சிறுவனான யொவ்னா அன்று வேலியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"பியேரா" என்றார் யொவ்னா.

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் பட்டியில் பேச்சு அடங்கியது.

"ஹெந்தோ எதையும் மாத்தல. அவர் தகடு அவர் வண்டியில, என் தகடு என் வண்டியில."

"அண்ணே, துக்கத்துல உங்களுக்கு..."

"துக்கத்துல பேசல. வாயை மூடிக்கிட்டு இங்க வா."

கன்றை விடாமல், ஒரு கையால் உள்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பல்லால் முடிச்சை அவிழ்த்தார். இரும்புத் துண்டை எடுத்துக் கன்றின் காதில், புதிதாக வெட்டிய ரத்தம் காயாத பல்லின் மேல் வைத்தார். இரும்புப் பல் கொஞ்சம் சின்னது. அச்சு ஒன்றுதான். காதைப் படிக்கத் தெரியாதவர் எவரும் அந்தப் பட்டியில் இல்லை. படித்தார்கள்.

"வால்வுல குறி வெட்டினது நான். ஓரத்துல வெட்டினேன். வேண்டாம்னு என் பொண்ணு சொன்னா. இது உடைஞ்சு உள்ள விழுந்துதான் எஞ்சின் நின்னுச்சு. இதை எடுத்தவர் ஹெந்தோ. வெளிய சொல்லாம இருந்தவரும் அவர்தான்."

பியேரா தரையைப் பார்த்தான். யாரோ ஒரு கிழவி, ஆண்டவரே என்றாள். கன்று உதறிக்கொண்டு எழுந்து தாயிடம் ஓடியது.

யொவ்னா ஹெந்தோவுக்காகக் காத்து நின்றார். ஹெந்தோ கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரிடம் வந்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் மச்சான்" என்றார். "வீட்டுல உக்காந்து, பியேரா கிட்ட ஒரு வார்த்தை." அதில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் அது ஆறும் என்று எதிர்பார்த்திருக்கலாம்.

யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். அவர் தன் மான்களைப் பிரித்துக்கொண்டு கிழக்கே வேறொரு கூட்டு மந்தைக்குப் போனார். ரிஸ்தென் அண்ணனிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள். ரவ்னாவுக்குச் செய்தி போயிற்று, அவள் வரவில்லை.

அன்று பட்டியிலேயே யொவ்னா கத்தியைக் கடலில் வீசிவிட்டார், அதன் பிறகு ஒரு காதிலும் குறி வெட்டவில்லை என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அவர் வீசவில்லை. கன்றுகள் மீதி இருந்தன. ஆஸ்லத்தின் பெண்மான்களுக்குப் பின்னால் வந்த கன்றுகளும் இருந்தன, அவற்றுக்கு வேறு ஆள் இல்லை. எல்லாவற்றுக்கும் அவரே வெட்டினார், தன் குறியை, காதின் ஓரத்தில்.